ஈரத் துளையில் இறங்கும் ஹெட் போல்ட்: கூலன்ட் கசியாமல் பூட்டுவது எப்படி?

கேள்வி: பழைய வார்ப்பிரும்பு வி8 எஞ்சினை முழுசாகப் பிரித்து, புது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு) வைத்துப் பூட்டினேன். போல்ட் மரையில் எஞ்சின் ஆயில் மட்டும் தடவி, சொல்லப்பட்ட டார்க் (திருகும் விசையின் அளவு) வரை இறுக்கினேன். இரண்டே நாளில் கீழ்வரிசை போல்ட் தலைகளைச் சுற்றிக் கூலன்ட் கசிவு. டிப்ஸ்டிக்கில் ஆயிலும் லேசாக வெளுத்திருக்கிறது. கேஸ்கட் போய்விட்டதா? ஹெட்டை மறுபடி இறக்க வேண்டுமா?

பதில்: முதல் வேலை, எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் ஆயிலோடு கலந்தால், பேரிங்கைத் தாங்கி நிற்கும் ஆயில் படலம் உடைந்துவிடும். கசிவைச் சரிசெய்வது எளிது. கீறல் விழுந்த கிராங்க்கைச் சரிசெய்வது எளிதல்ல.

கேஸ்கட் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் மரையையே காட்டுகின்றன. பல வார்ப்பிரும்பு பிளாக்குகளில் ஹெட் போல்ட் துளை மூடிய குழி அல்ல; பிளாக்கின் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு நேராக வாட்டர் ஜாக்கெட்டுக்குள், அதாவது பிளாக்குக்குள் கூலன்ட் ஓடும் அறைக்குள், இறங்குகிறது. இதுதான் ஈரத் துளை. செவர்லேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8-ல் ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட். பதினேழும் கூலன்டில்தான் முனையை நனைத்துக்கொண்டு நிற்கும். அங்கே போல்ட் ஹெட்டைப் பிடித்துவைப்பதோடு, தண்ணீர் ஜாக்கெட்டுக்கு ஒரு மூடியாகவும் வேலை செய்கிறது. போல்ட் மரைக்கும் துளை மரைக்கும் நடுவே சுருள் வடிவில் ஒரு மெல்லிய இடைவெளி எப்போதும் இருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் அது மூடாது. எஞ்சின் சூடானால் கூலிங் சிஸ்டத்தில் சுமார் 1 பார் அழுத்தம் ஏறும்; கூலன்ட் அந்தச் சுருள் வழியே போல்ட் தலை வரை ஏறிவந்துவிடும். கீழ்வரிசை போல்ட்டுகள் வால்வ் கவருக்கு வெளியே இருப்பதால் ஈரம் கண்ணுக்குத் தெரிகிறது. மேல்வரிசையில் உள்ளவை கவருக்குள் இருக்கின்றன. அங்கே கசிவது நேராக ஆயிலில் இறங்குகிறது. மரையில் தடவிய எஞ்சின் ஆயில் உராய்வைக் குறைக்கும், ஓட்டையை அடைக்காது.

ஆனாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வால்வ் கவர்களைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை கையால் ஏற்றுங்கள். அரைமணி நேரம் டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட் தலையாகப் பாருங்கள். கவருக்குள் எல்லாத் தலைகளும் உலர்ந்தே இருந்து டெஸ்டர் முள் மட்டும் இறங்கினால், அடுத்த சந்தேகம் இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) கேஸ்கட். வி-எஞ்சினில் அதன் கூலன்ட் வாய்கள் கசிந்தாலும் ஆயில் இப்படியேதான் வெளுக்கும். ஹெட் வேலையில் இது அடிக்கடி தப்பிவிடுகிறது. ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க எஞ்சினை ஓட்டத் தேவையில்லை. பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே காற்று ஏற்றுங்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்டோ, விரிசல் விட்ட ஹெட்டோ காரணம். அப்போது ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும்.

போல்ட் மட்டும்தான் என்று தெரிந்தால், ஹெட்டை இறக்காமலே சரிசெய்யலாம். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் குழாயைத் திறந்தால் போதாது; பிளாக்கின் இரு பக்கமும் உள்ள டிரெயின் பிளக்குகளையும் கழற்றி வடித்துவிடுங்கள். பிறகு இறுக்கும் வரிசையிலேயே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் கேஸ்கட் அந்த இடத்தில் தளர்ந்துவிடும். கழற்றிய போல்ட்டையும் துளையையும் சுத்தம்செய்து, சீலன்ட் (மரை இடைவெளியை அடைக்கும் பசை) போட்டு, படிப்படியாக முழு டார்க்குக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். டார்க் தந்தபின் இத்தனை பாகை திருப்பு என்று சொல்லப்படும் நீளும் வகை போல்ட்டுக்கு இந்த வழி ஆகாது. அதற்குப் புது போல்ட் வேண்டும்.

எல்லாத் துளையிலும் சீலன்ட் போடலாமா என்றால், கூடாது. முதலில் எது ஈரத் துளை, எது மூடிய துளை என்று பிரித்தறியுங்கள். மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள்: தடையின்றி ஜாக்கெட்டுக்குள் போனால் ஈரத் துளை. கழற்றிய போல்ட்டின் முனையில் துருவோ வெள்ளைப் படிவோ இருந்தாலும் அதுவே. மூடிய துளையில் மரைக்கு ஆயில் மட்டும், அதுவும் போல்ட்டில் தடவியது போதும். அங்கே ஆயிலோ கூலன்டோ தேங்கியிருக்க, மேலிருந்து போல்ட்டை இறுக்கினால், அமுங்காத அந்தத் திரவம் தப்ப வழியின்றி பிளாக்கையே பிளந்துவிடும். ஆகவே மூடிய துளைகளைக் காற்றடித்து, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, அடி வரை உலர்த்துங்கள். காற்றடிக்கும்போது கண்ணாடி அணியுங்கள். உள்ளே இருப்பது முகத்துக்கே வரும்.

ஈரத் துளையின் மரையைச் சுத்தம்செய்ய மரை வெட்டும் சாதாரண டேப் கருவி வேண்டாம். அது இரும்பையும் சேர்த்துச் சீவி மரையைத் தளர்த்தும். மரையைத் துடைக்கவென்றே வரும் சேஸர் விடுங்கள். போல்ட் மரைக்கு வயர் பிரஷ். இரண்டையும் பிரேக் கிளீனரால் கழுவி உலரவிடுங்கள். நீங்கள் தடவிய ஆயில் ஒரு துளி மிச்சமிருந்தாலும் சீலன்ட் பிடிக்காது. வேலை பாழாவது பெரும்பாலும் இங்கேதான்.

சீலன்ட் என்றால் டெஃப்ளான் கலந்த, கெட்டியாகாத மரைப் பசை. கூலன்ட், எரிபொருள், ஆயில் மூன்றையும் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். போல்ட்டின் மரைப் பள்ளங்கள் சுற்றிலும் நிரம்பும் அளவுக்குப் பிரஷால் தடவினால் போதும். முனையில் முதல் சுற்றை விட்டுவிடுங்கள், அங்கே போடுவது ஜாக்கெட்டுக்குள்தான் உதிரும். ஆர்டிவி சிலிக்கான் (காற்றுப் பட்டு ரப்பராக இறுகும் பசை) வேண்டாம்: இறுக்கும்போது பிதுங்கி ஓடும், உராய்வு போல்ட்டுக்குப் போல்ட் மாறும். மரையில் சுற்றும் டெஃப்ளான் நாடாவும் வேண்டாம். கிழிந்த இழைகள் கூலன்டில் மிதந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். சிவப்பு மரைப்பூட்டுப் பசை இறுக்கி முடிக்கும் முன்பே பிடிக்கத் தொடங்கிவிடும். பிறகு சூடாக்காமல் கழற்றவும் முடியாது.

பசையை இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு உராய்வுதான் காரணம். நீங்கள் தரும் டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஹெட்டை அமுக்கும் விசையாகிறது. ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கடியிலும், மீதி மரையிலும் உராய்வாகவே தீர்ந்துவிடும். உராய்வு சற்று கூடினாலே, ரென்ச் அதே எண்ணைக் காட்டினாலும் ஹெட் தளர்வாக உட்காரும். எனவே மரைக்குச் சீலன்ட், போல்ட் தலையின் அடிப்பக்கத்துக்கும் வாஷருக்கும் ஆயில். கையேட்டில் உள்ள டார்க், மரை எந்த நிலையில் இருப்பதற்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்மால் பிளாக்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 88 நியூட்டன் மீட்டரை மூன்று படியாக, 35, 65, 88 என ஏற்றலாம். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுழன்று வர வேண்டும். ரென்ச்சை வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒரு ஹெட் முழுதும் முடிய வேண்டும். ஆகவே இரண்டு ஹெட்டின் போல்ட்டுகளுக்கும் சேர்த்துத் தடவி வைக்காதீர்கள். போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள தலையில்லாத கம்பி) போடுபவர்கள் பிளாக்கில் இறங்கும் மரைக்குச் சீலன்ட் தடவிக் கையால் திருகி உட்காரவைத்தால் போதும், டார்க் நட்டுக்கு மட்டுமே.

ஹெட்டை இறக்கவே நேர்ந்தால் இன்னும் இரண்டு விஷயம். தளத்தை நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சோதியுங்கள், 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் ஹெட்டைச் சீவக் கொடுப்பதே நல்லது. கேஸ்கட் ஒட்டலைச் சுழலும் உரசு வட்டால் தேய்க்காதீர்கள். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு தூள் ஆயிலோடு போய் பேரிங்கை அரிக்கும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

பூட்டி முடித்ததும் ஓர் இரவு விடுங்கள். கூலன்டை நிரப்பி, எஞ்சினைத் தொடாமல் அதே பிரஷர் டெஸ்டரை மூடியின் அளவு வரை ஏற்றி அரைமணி நேரம் நிறுத்துங்கள். முள் அசையாவிட்டால், வெளுத்த ஆயிலை வடித்து, ஃபில்டரும் ஆயிலும் புதிதாக மாற்றி, பிறகே ஸ்டார்ட். தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரை ஓட்டி, காற்று வெளியேறவிட்டு, ஆறவைத்துக் கூலன்ட் மட்டத்தை நிரப்புங்கள். அந்த ஆயிலையும் சூடான நிலையிலேயே வடித்து இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்; முதல் மாற்றத்தில் எல்லாக் கிளைகாலும் போய்விடாது.