பால்வினைத் தொற்றும் தொடர்பு வலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இதுவரை எனக்கு ஒரே ஒருவருடன்தான் உறவு. பரிசோதனையில் கிளமிடியா என்று வந்திருக்கிறது. இது எப்படி?

பதில்: முதலில் ஒன்று. கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்று பெரும்பாலானவர்களிடம் அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில் தங்கும். பரிசோதனை முடிவை வைத்து 'இன்ன தேதியில் தொற்றியது' என்று சொல்ல முடியாது. உங்களோடு சேர்வதற்கு முன்பே உங்கள் இணையருக்கு அது இருந்திருக்கலாம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் விசாரணை நடத்தாதீர்கள். இருவரும் ஒரே சமயத்தில் மருத்துவரைப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் 1990-களின் நடுவில் மாணவர்களிடம் முந்தைய 18 மாத உறவுகளைப் பற்றிக் கேட்டு, யாருக்கு யார் என்று கோடு போட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2004-இல் வெளியானது. உறவில் இருந்ததாகத் தெரிந்த 573 பேரில் 288 பேர் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருந்தார்கள். 63 ஜோடிகள் மட்டுமே வேறு யாரோடும் ஒட்டாமல் தனியாக நின்றன. அந்தப் பெரிய சங்கிலியில் சுழல்கள் ஏறக்குறைய இல்லை. கிளைவிட்ட மரம் போன்ற வடிவம். மரத்தில் 288 பேரை இணைக்க 287 கோடுகள் போதும். ஒவ்வொரு கோடும் இருவரைத் தொட்டாலும் ஆளுக்குச் சராசரி இரண்டு கோடுகூட இல்லை! கிளையின் நுனியில் ஒரே ஒரு கோட்டோடு நிற்பவரும் அந்த 288 பேரில் ஒருவர்தான். நீங்கள் நிற்பது அந்த இடத்தில்.

ஆனால் கோடு இருக்கிறது என்பதாலேயே கிருமி அதில் ஓடியது என்று ஆகாது. 18 மாத உறவுகளை ஒரே படத்தில் போட்டால் கால வரிசை தெரியாமல் போய்விடும். ஜனவரியில் முடிந்த உறவின் வழியாக ஜூனில் வந்த தொற்று பின்னோக்கிப் போகாது. இந்த வகைப் படங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி: ஓர் ஊரில் ஆளுக்குச் சராசரியாக எத்தனை இணையர் என்று தெரிந்தால் பரவலைக் கணித்துவிடலாம் அல்லவா?

பதில்: முடியாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு தொற்றாளர் புதிதாக எத்தனை பேருக்குத் தொற்றைத் தருகிறார் என்பதற்கு மூன்றைப் பெருக்குவார்கள்: ஓர் உறவில் தொற்றும் வாய்ப்பு, ஆண்டுக்கு இணையர் மாறும் வேகம், தொற்று நிலை நீடிக்கும் காலம். வாய்ப்பு 0.4, காலம் அரை ஆண்டு என்று வையுங்கள். முதல் ஊரில் 100 பேருக்கும் ஆண்டுக்கு ஆளுக்கு 2 இணையர். 0.4 × 2 × 0.5 = 0.4. ஒன்றுக்குக் கீழே, தொற்று தானாக அணைந்துவிடும்.

இரண்டாவது ஊரில் 90 பேருக்கு ஆளுக்கு 1, பத்துப் பேருக்கு ஆளுக்கு 11. மொத்தம் 200, சராசரி அதே 2. ஆனால் இங்கே சராசரியைப் போடக் கூடாது. அதிக இணையர் உள்ளவருக்குத் தொற்று வரும் வாய்ப்பும் அதிகம், கொடுக்கும் வாய்ப்பும் அதிகம். ஒரே ஆள் இரண்டு முறை கணக்கில் வருகிறார். அதனால் வர்க்கங்களைக் கூட்டி, மொத்தத்தால் வகுக்க வேண்டும்: (90×1 + 10×121) ÷ 200 = 6.5. இப்போது 0.4 × 6.5 × 0.5 = 1.3. அதே சராசரி, ஆனால் இந்த ஊரில் தொற்று நிலைத்துவிடும்.

இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எல்லோரும் எல்லோரோடும் விகிதப்படி கலக்கிறார்கள் என்பது. பத்துப் பேரும் தங்களுக்குள்ளேயே அதிகம் கலந்தால் தொற்று அந்த மையக்குழுவுக்குள் இன்னும் வேகமாகச் சுழலும், வெளியே மெதுவாகக் கசியும். சராசரியை மட்டும் கேட்கும் கருத்துக்கணிப்புகளை நம்பித் திட்டம் போட்டால் இந்த ஊர் அந்த ஊர்போலவே தெரியும். இதை நாங்கள் வலியுறுத்திச் சொல்ல அதுவே காரணம்.

கேள்வி: கணக்கெடுப்புகளில் ஆண்கள் சொல்லும் இணையர் எண்ணிக்கை பெண்கள் சொல்வதைப்போல் இரு மடங்கு. யாரோ பொய் சொல்கிறார்களா?

பதில்: ஓர் ஆண்–பெண் உறவு இரு பக்கத்திலும் ஒவ்வொன்று கூட்டும், ஆகவே இரு பாலரும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் உள்ள சமூகத்தில் சராசரிகள் நெருங்கித்தான் வர வேண்டும். பிரிட்டனின் 2010–12 தேசியக் கணக்கெடுப்பில் வாழ்நாள் சராசரி ஆண்களுக்கு 14.1, பெண்களுக்கு 7.1 என்று வந்தது. அதைப் பிரித்துப் பார்த்ததில் மிகப் பெரிய எண் சொன்ன ஒரு சிலரே இடைவெளியின் ஒரு பகுதிக்குக் காரணம் என்று தெரிந்தது. ஆண்கள் குத்துமதிப்பாகச் சொல்ல, பெண்கள் ஒவ்வொருவராக எண்ணிச் சொல்வதும் இன்னொரு பெரிய காரணம். இவற்றையும் மனப்பான்மை வேறுபாட்டையும் சரிசெய்தபோது 7 ஆக இருந்த இடைவெளி 2.6 ஆகச் சுருங்கியது. வாழ்நாள் எண்ணைக் கேட்பதைவிட 'கடந்த 12 மாதங்களில்' என்று கேட்டு, கடைசி மூன்று பேரை ஒவ்வொருவராக நினைவுகூரச் செய்வது நல்லது.

கேள்வி: ஒருவர் பின் ஒருவராக இருவர், ஒரே காலத்தில் இருவர். எண்ணிக்கை ஒன்றுதானே, என்ன வித்தியாசம்?

பதில்: க என்பவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ச, ஜூலை முதல் ட. ஆகஸ்டில் ட-வுக்கு வெளியிலிருந்து தொற்று வந்தால் க-வை எட்டும். ச-வை எட்டாது, அந்தக் கதவு மூடிவிட்டது. இரு உறவும் ஆண்டு முழுக்க ஓடினால் ச-வும் ஆபத்தில் இருக்கிறார். கவனியுங்கள்: க-வின் ஆபத்து பெரிதாக மாறவில்லை, ச-வின் ஆபத்துதான் கூடியது. உறவுகளின் எண்ணிக்கையை மாற்றாமல், அவை ஒரே காலத்தில் மேற்பொருந்துவதை மட்டும் கூட்டிய 1997-ஆம் ஆண்டின் கணினி மாதிரியில் எச்.ஐ.வி. பரவல் வேகமெடுத்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நட்டாலில் நடந்து 2011-இல் வெளியான கள ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. விவாதம் முடிந்துவிட்டதாக எழுதுவது சரியல்ல.

ஒரு சேர்க்கை: ஒருவர் பின் ஒருவராக இருந்தாலும், இடைவெளி தொற்று நிலை நீடிக்கும் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் கிருமி பழைய உறவிலிருந்து புதியதற்குத் தாவக்கூடும்.

கேள்வி: எய்ட்ஸைப் பரப்பிய முதல் ஆள், 'பூஜ்ய நோயாளி', என்று ஒருவரைச் சொல்கிறார்களே?

பதில்: தவறு. 1984-இல் 40 நோயாளிகளை இணைத்து வரைந்த வலைப்படத்தில், கலிஃபோர்னியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதைக் குறிக்க ஒருவருக்கு ஆங்கில 'ஓ' எழுத்து போடப்பட்டது. அதைப் பூஜ்யம் என்று படித்துவிட்டார்கள். 2016-இல் வெளியான மரபணு ஆய்வு, வைரஸ் 1970-ஐ ஒட்டியே நியூயார்க்கை எட்டிவிட்டது, அவருடைய வைரஸ் அதன் குடிமரத்தின் வேரில் இல்லை என்று காட்டியது. வலைப்படத்தின் நடுவில் நிற்பவர் ஆய்வாளருக்கு அதிகப் பெயர்களைச் சொல்லி உதவியவராகவும் இருக்கலாம். அந்த மனிதருக்கு அநீதி நடந்தது.

கேள்வி: தொற்று உறுதியானால் எவ்வளவு பின்னோக்கிப் போய் இணையர்களுக்குச் சொல்ல வேண்டும்?

பதில்: அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகள் இவை. கிளமிடியா, கொனோரியா: 60 நாள். அந்த 60 நாளில் யாரும் இல்லையென்றால் கடைசி இணையர். முதல்நிலை சிபிலிஸ்: அறிகுறி இருந்த காலத்தோடு 3 மாதம். இரண்டாம் நிலை: அறிகுறிக் காலத்தோடு 6 மாதம். அறிகுறி இல்லாத ஆரம்ப மறைநிலை: ஓர் ஆண்டு. பிற நாடுகளில் இந்த அளவுகள் கொஞ்சம் மாறும்.

சிகிச்சையில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஒருவர் மருந்து எடுக்கிறார், மற்றவர் எடுப்பதில்லை, தொற்று திரும்பி வருகிறது. கிளமிடியா, கொனோரியா என்றால் ஒற்றை வேளை மருந்துக்குப் பின் 7 நாள், அல்லது 7 நாள் மருந்து முடியும் வரை, இருவரும் உறவைத் தவிர்க்க வேண்டும். சுமார் 3 மாதத்தில் மறுபரிசோதனை.

இணையர்களைத் தேடுவது ஏன் பலன் தருகிறது என்பதும் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. இரண்டாவது ஊரில் குருட்டாம்போக்கில் ஒருவரைப் பிடித்தால் அவர் மையக்குழுவினராக இருக்கும் வாய்ப்பு 10 சதவீதம். யாரேனும் ஒருவருடைய இணையரைப் பிடித்தால் 200-இல் 110, அதாவது 55 சதவீதம். யாரையும் முத்திரை குத்தாமலே சரியான இடத்தை எட்டிவிடலாம்.

கேள்வி: வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டு யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்ல முடியுமா?

பதில்: இரு வரிசைகள் நெருக்கமானவை என்று சொல்லலாம். எச்.ஐ.வி.யில் இப்படி நெருக்கமான வரிசைகளின் கொத்துகளைத் தேட 1.5 சதவீத வேறுபாட்டை எல்லையாக வைப்பது வழக்கம். அதனால் திசை தெரியாது. இருவருக்கும் நடுவில் பரிசோதிக்கப்படாத மூன்றாமவர் இருந்தாலும் வரிசைகள் நெருக்கமாகத்தான் வரும்.

கேள்வி: முதுகலை மாணவி நான். வெளியே தெரிய விரும்பாத ஒரு குழுவிடம் சீட்டு முறையில் (பங்கேற்பவர் தமக்குத் தெரிந்தவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து ஆய்வுக்கு அனுப்பும் முறை) மாதிரி எடுக்கப் போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: தொடக்க ஆட்களை ஒரே நட்பு வட்டத்திலிருந்து எடுக்காதீர்கள், வட்டம் வெளியே திறக்காமல் அங்கேயே சுற்றும். ஆளுக்கு மூன்று சீட்டு, ஒவ்வொன்றிலும் தனி எண், காலாவதித் தேதி. 'இக்குழுவில் உங்களுக்குத் தெரிந்த, உங்களையும் தெரிந்த, கடந்த 30 நாளில் பார்த்த பேர் எத்தனை?' என்ற கேள்வியை விட்டுவிடவே கூடாது. அதிகம் பேரைத் தெரிந்தவர் மாதிரிக்குள் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த எண்ணின் தலைகீழால்தான் (1 ÷ அந்த எண்) எடை போட முடியும். ஊக்கத்தொகைக்காக ஒரே ஆள் இருமுறை வருவதையும் எதிர்பாருங்கள்.

இணையர் பெயர்களைப் பொருத்தும்போது புனைபெயர் பெரிய தொல்லை. ஒரே ஆள் இரண்டு புள்ளியானால் வலை உடையும். இருவர் ஒரு புள்ளியானால் இல்லாத மையம் முளைக்கும். பெயரோடு தோராயமான வயது, பகுதி, உறவு தொடங்கிய மாதம் ஆகியவற்றையும் வாங்கிவையுங்கள். பொருத்தம் முடிந்ததும் பெயரை எண்ணாக மாற்றுங்கள். பெயர்–எண் பட்டியலைத் தரவு இருக்கும் கணினியில் வைக்காதீர்கள். பதின்மூன்று பேர் உள்ள சின்ன வலையின் படத்தை வெளியிட்டால் எண் போட்டிருந்தாலும் அக்குழுவினர் தங்களை அடையாளம் கண்டுவிடுவார்கள். அதை வெளியிடாமல் அட்டவணையாகக் கொடுங்கள்.