நியூசிலாந்தின் பொன் அரிப்பு நிவாரணம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1930களின் பெருமந்தத்தில் நியூசிலாந்து அரசு, வேலையிழந்தவர்களுக்கு உதவிப் படி கொடுத்துத் தங்கம் அரிக்க அனுப்பியது என்று எழுதியிருந்தீர்கள். கடைக் கணக்கர்கள் போய் ஆற்றில் தங்கம் எடுத்திருக்க முடியுமா? நகரத்திலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தும் வழிதானே அது?

க., நாமக்கல்

அன்புள்ள க.,

எடுக்க முடியும். வயிறு நிறையுமா என்பதுதான் கேள்வி. மணமானவருக்கு வாரம் 30 ஷில்லிங், தனியாளுக்கு 15 ஷில்லிங் படி (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அந்த 30 ஷில்லிங்கை ஆற்றுத் தங்கமே தர வேண்டுமென்றால்? 1931 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்த திட்டத்தைப் பிரிட்டன் கைவிடும்வரை ஒரு டிராய் அவுன்ஸ் (31.1 கிராம்) சுமார் 4¼ பவுண்டு, 1934இல் சுமார் 7 பவுண்டு. பழைய விலையில் வாரம் 11 கிராம் வேண்டும், புதிய விலையில் 6.7 கிராம் போதும். இந்த விலையேற்றம்தான் திட்டத்துக்கு உயிர். ஒருவர் நாளுக்கு 2 கன மீட்டர் சரளை அலசினால், வாரம் ஆறு நாள் கணக்கில், கன மீட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் கிடைத்தாக வேண்டும். நியூசிலாந்தின் தெற்கிலுள்ள ஒட்டாகோவிலோ 1861 முதலே அரித்துவிட்டார்கள். 1866 முதல் வந்த சீனர்கள் அதே மண்ணை மறுபடி அலசினார்கள். எஞ்சியது பாறை இடுக்குத் தங்கமும் தவிடுபோன்ற பொடியும்.

அந்தப் பொடியில்தான் புதியவர் தோற்பார். சரளையை நீரோடு ஓடவிட்டு அலசும் நீள மரத்தொட்டிக்கு அடிக்கு ஓர் அங்குலச் சரிவு வைத்துத் தொடங்கலாம். சரிவு கூடினால் பொடி நீரோடு போய்விடும். குறைந்தால், தங்கத்தைத் தடுத்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டங்களுக்குப் பின்னே கனமான கருமணல் இறுகி அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் தங்கம் மேலே வழுக்கிப் போகும். களிமண்ணை முதலில் தனித் தொட்டியில் கரைக்க வேண்டும்; உருண்டையாக விட்டால் தங்கத்தை ஒட்டவைத்து வெளியே உருட்டிக்கொண்டு போகும். சட்டங்களுக்கு அடியில் விரித்த சாக்கை வாளியில் அலசி, நைந்தபின் எரித்துச் சாம்பலையும் அரிக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள சட்டியில் மெல்லிய செதில்கள் மிதந்தே ஓடிவிடும். அதனால் சட்டியை முதலில் நெருப்பில் சுட்டெடுப்பார்கள்.

கருமணலில் கலந்த பொடியைப் பாதரசம் பிடிக்கும். தங்கத்தைப் பிரிக்க அந்தக் கலவையைத் திறந்த சட்டியில் காய்ச்சுவது தற்கொலைக்குச் சமம், ஆவி நஞ்சு. மூடிய வாலையில் (வடிகலத்தில்) காய்ச்சி, குழாயை ஈரத்துணியால் குளிர்விக்க வேண்டும். குழாய் முனை தண்ணீரில் அமிழ்ந்திருந்தால், வாலை ஆறும்போது நீரை உள்ளே உறிஞ்சி வெடிக்கும்.

அப்புறப்படுத்தல் என்ற உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் வெறுமனே சாலைக்கு மண்வெட்டி தூக்கவைத்த நிவாரணத்தைவிட இதை மேலாகவே மதிக்கிறேன்; கிடைப்பதில் உழைத்தவருக்கும் பங்கு இருந்தது. தனியாளுக்குப் பாதிப் படி என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அலசும் சரளை அவருக்கும் அதே அளவுதானே?

ஒட்டாகோவின் குரோம்வெல் பள்ளத்தாக்கில் பலர் பாறைக் குடைவுகளிலேயே குடியிருந்தார்கள். மலையில் பனி உறையும் குளிர்காலத்தில்தான் அங்கே ஓடும் குளூத்தா ஆறு வற்றிக் கரை வெளிப்படும். ஆகவே நீர் மிகவும் சில்லிட்ட மாதங்கள்தான் அவர்களுக்கு வேலைக் காலம். அந்தக் கரைகளில் பெரும்பகுதி 1992–93இல் கிளைடு அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது.