அனர்த்த மரணப் படங்கள்: வாசகர் கேள்வி-பதில்

மாரி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களும் பெருகும். இம்முறை பெரும்பாலானவை அனர்த்த மரணங்களை உலக வரைபடத்தில் குறிக்கும் உயர்தரப் புவியியல் பிள்ளைகளுடையவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கே: உலகில் அதிக உயிர்களைக் கொல்லும் இயற்கை அனர்த்தம் எது சேர்? (கல்முனை மாணவி)

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை மகள்? அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. 2000 முதல் 2019 வரை என்றால் பூமியதிர்ச்சியும் அதோடு வந்த சுனாமியும்தான். அந்த இருபது வருடத்தில் அனர்த்தங்களில் இறந்தோர் ஏறக்குறைய 12 இலட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கு. போன நூற்றாண்டின் முதற்பாதியை எடுத்தால் வரட்சியும் வெள்ளமும் முன்னுக்கு வந்துவிடும். 1931 சீன வெள்ளத்துக்கு ஒன்றரை இலட்சம் என்பவரும் உண்டு, 40 இலட்சம் என்பவரும் உண்டு. அப்படிப்பட்ட ஓர் எண்ணைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே உங்கள் படத்தின் நிறம் மாறிவிடும். படத்தின் தலைப்பிலேயே ஆண்டு வரம்பை எழுதுங்கள்.

கே: நான் இறக்கிய தரவில் சுனாமி என்று ஒரு வகையே இல்லை. பிழையான தரவா? (களுவாஞ்சிக்குடி)

தரவு சரிதான். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் பேணப்படும் இ.எம்.-டாட் (EM-DAT) என்ற உலக அனர்த்தத் தரவுத்தளம் சுனாமியைப் பூமியதிர்ச்சிக்குள் ஓர் உபவகையாக வைத்திருக்கிறது. உபவகை நிரலைத் திறந்து பிரித்தெடுங்கள். கட்டாயம் பிரியுங்கள், ஏனென்றால் 2004 இல் நம் கிழக்குக் கரையின் காரைதீவிலோ நாவலடியிலோ நிலம் குலுங்கி யாரும் சாகவில்லை. புள்ளியைச் சுமாத்திராக் கடலில் வைக்காமல் ஆட்கள் இறந்த கரையில் வையுங்கள்.

கே: இலங்கையின் சுனாமி மரணம் ஒரு இடத்தில் 31 ஆயிரம், இன்னொரு இடத்தில் 35 ஆயிரம், வேறொன்றில் அதற்கும் மேல். எதை நம்புவது? (திருக்கோவில்)

காணாமல்போனோரைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். முக்கால்வாசி வித்தியாசம் அங்கேதான். எதை எடுத்தாலும் சரி, எல்லா நாட்டுக்கும் அதே முறையை எடுங்கள். 2010 ஹெயிட்டி பூமியதிர்ச்சிக்கு அந்நாட்டு அரசு சொன்னது 3 இலட்சத்துக்கு மேல்; அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்ற மதிப்பீடுகளும் உண்டு.

கே: உலக அனர்த்த மரண மெப் ஒன்று உடனே அனுப்பவும். அவசரம். (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

எந்த அனர்த்தம், எந்தக் காலம், எண்ணிக்கையா வீதமா? தம்பி, சாப்பாட்டுக் கடையில்கூட இடியப்பமா புட்டா என்று சொன்னால்தான் தருவார்கள்.

கே: 1978 சூறாவளி உலகப் படத்தில் ஏன் தெரிவதில்லை? எங்கள் ஊரே தரைமட்டமானதே. (வாழைச்சேனை, வயதான வாசகர்)

இருக்கிறது ஐயா, பெருப்பித்துப் பார்க்க வேண்டும். 1978 நவம்பர் 23 இரவு நம் பக்கத்தில் போனவர்கள் ஏறக்குறைய ஆயிரம். அதற்கு எட்டு வருடம் முன், அதே வங்காள விரிகுடாவின் தலைமாட்டில், இன்றைய பங்களாதேஷில், போலா சூறாவளி 3 இலட்சம் முதல் 5 இலட்சம் பேரைக் கொன்றது. தாழ்ந்த கழிமுகத் தீவுகள்மேல் கடல் ஏறியதே காரணம், காற்று அல்ல. அங்கே 1991 இல் மீண்டும் 1 இலட்சத்து 40 ஆயிரமளவு. பிறகு புகலிடங்களும் எச்சரிக்கைத் தொண்டர்களும் பெருகினார்கள். 2007 சித்ர் சூறாவளியில் மூவாயிரம், நாலாயிரம் என்ற அளவுக்கு இறங்கியது. இதனால்தான் மூன்று காலத்தையும் ஒரே நிறத்தில் கலந்து பூசாதீர்கள், ஆண்டு வரம்பைப் பிரியுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

கே: வெப்ப அலை மரணத்துக்குப் படம் வரைந்தேன். ஐரோப்பா கடும் சிவப்பு, ஆபிரிக்கா வெள்ளை. ஆபிரிக்க மக்கள் வெயிலுக்குப் பழகியவர்கள் என்று முடிவுரை எழுதலாமா? (மட்டக்களப்பு நகர்)

எழுதவே கூடாது. வெள்ளையாக விட்ட இடம் எதைச் சொல்கிறது? யாரும் சாகவில்லை என்றா, யாரும் எண்ணவில்லை என்றா? இரண்டுக்கும் ஒரே வெள்ளையைப் பூசிய படங்கள் பாடசாலைச் சுவர்களில் இருக்கின்றன, கருத்தரங்குத் திரைகளில் இருக்கின்றன, பெரிய பெரிய அறிக்கைகளின் முகப்பில்கூட இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

1900 முதல் 2019 வரை சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்கா முழுவதற்கும் இ.எம்.-டாட்டில் பதிவானவை இரண்டே இரண்டு வெப்ப அலைகள். மரணம் 70 சொச்சம். அதே தளத்தில் ஐரோப்பாவுக்கு, கடைசி நாற்பது வருடத்தில் மட்டும், எண்பதுக்கு மேற்பட்ட வெப்ப அலைகள், 1 இலட்சத்து 40 ஆயிரம் மரணம். நம்புகிற கணக்கா இது?

வெப்பம் கொல்லும் விதத்தைப் பாருங்கள். வெள்ளத்தில் போனவரின் மரணச் சான்றிதழில் நீரில் மூழ்கியது என்று இருக்கும். வெயிலில் போனவருக்கு மாரடைப்பு, சிறுநீரகம், மூச்சுத்திணறல். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70 ஆயிரம் பேர் என்ற எண் யாரும் பிரேதங்களை எண்ணி வந்ததல்ல. வழமையான கோடையில் எத்தனை பேர் இறப்பார்கள், அந்தக் கோடையில் எத்தனை பேர் என்று கழித்துப் பார்த்து வந்தது. கழிக்க வேண்டுமென்றால் நாளாந்த மரணப் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். பதிவு இல்லாத நாட்டில் கழிக்க ஒன்றுமில்லை, ஆகவே அனர்த்தமும் இல்லை!

நம்மூரிலும் இதே கதைதான். ஆனி, ஆடியில் சூடான கச்சான் காற்று அடிக்கும்போது படுவான்கரை வயலில் ஒருவர் சுருண்டு விழுந்தால், திடீர் மரண விசாரணை அதிகாரி எதை எழுதுவார்? 'வெப்பம்' என்ற சொல் அந்தத் தாளில் ஏறுவதை நான் கண்டதில்லை. அமெரிக்கா என்ற பணக்கார நாட்டின் கீழுள்ள தீவுக்கும் விலக்கில்லை. 2017 மரியா சூறாவளிக்குப் புவேர்ட்டோ ரிக்கோ அரசு முதலில் சொன்னது 64 பேர். மின்சாரமும் மருந்தும் இல்லாமல் அடுத்தடுத்த மாதங்களில் இறந்தவர்களையும் கழித்தல் முறையில் கணக்கிட்டபின், 2018 இல், அதே அரசு ஏற்றுக்கொண்டது 2,975.

ஆகவே மகள், பூச்சியத்துக்கு வெளிர் நிறம், தரவு இல்லாத இடத்துக்குக் கோடு போட்ட சாம்பல், குறிவிளக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. முடிவுரையை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

கே: யானை தாக்கி இறந்தோர், இடிமின்னலில் இறந்தோர்? (அம்பாறை)

யானை இந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. மின்னல் வரும், ஆனால் 10 மரணம், அல்லது 100 பேர் பாதிப்பு, அல்லது அவசரகாலப் பிரகடனம், அல்லது வெளிநாட்டு உதவிக் கோரிக்கை என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் இ.எம்.-டாட் ஒரு நிகழ்வைச் சேர்க்கும். வயலில் ஒருவர் இருவராக மின்னலுக்குப் போகிறவர்கள் அந்தச் சல்லடையில் தங்கமாட்டார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போன மதரஸாப் பிள்ளைகளும், நாடளாவிய வெள்ளத்தின் கூட்டுத்தொகைக்குள் இருப்பார்களே தவிர, உலகப் படத்தில் அந்த வீதி இராது. சிறிய நிகழ்வு வேண்டுமென்றால் நமது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பதிவுகளுக்குப் போங்கள்.

கே: எண்ணிக்கையா, இலட்சம் பேருக்கு எத்தனை என்ற வீதமா? (அக்கரைப்பற்று ஆசிரியர்)

நிறம் தீட்டினால் வீதம். வட்டம் போட்டால் எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நிறம் தீட்டினால் சீனாவும் இந்தியாவும் எப்போதும் சிவப்பு, சனத்தொகைப் படத்தை இரண்டாந்தரம் வரைந்த மாதிரி. 2004 சுனாமியையே எடுங்கள். இந்தோனேசியாவில் 1 இலட்சத்து 67 ஆயிரம், இங்கே 35 ஆயிரம். வீதத்தில் அங்கே இலட்சத்துக்கு 75 அளவு, இங்கே 180. அம்பாறை மாவட்டத்தை மட்டும் எடுத்தால், 6 இலட்சம் சனத்தில் பத்தாயிரத்துக்கு மேல், அதாவது இலட்சத்துக்கு 1,700. அதையும் மாவட்டம் முழுக்கப் பூசாதீர்கள். மகாஓயாவுக்கும் பதியத்தலாவைக்கும் கடல் வரவில்லை. பிரதேச செயலகப் பிரிவாகப் பிரித்தால்தான் மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு தெரியும்.

கே: எக்செலிலேயே வரையலாமா? நாடுகள் சில காணாமல் போகின்றன. (காத்தான்குடி)

தாராளமாக. நாட்டின் பெயரை வைத்து இணைத்தால் இரண்டு கொங்கோவும் இரண்டு கொரியாவும் காலை வாரும். ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள சர்வதேச மூன்றெழுத்துக் குறியீட்டால் இணையுங்கள். 2000 க்கு முந்திய பதிவுகள் ஓட்டைச் சல்லடை என்பதால், அங்கும் ஆண்டு வரம்பு.

கே: வட்டத்தை எவ்வளவு பெரிதாக்குவது? (பொத்துவில்)

மரணம் நாலு மடங்கு என்றால் ஆரை இரண்டு மடங்கு. பரப்பளவுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஆரையையே நாலு மடங்காக்கியிருப்பதால் வட்டம் பதினாறு மடங்கு பெருத்து, சுமாத்திராவோடு மலேசியாவையும் மூடிவிட்டது.