ஜெபம், உபவாசம்னு ஒழுங்கா இருந்தும் உள்ளம் வறண்டே கிடக்குதே, ஏன்?

தினமும் பைபிள் படிச்சு ஜெபம் பண்ணியும் உள்ளுக்குள்ள ஒரு மாற்றமும் இல்லையே, அப்போ இந்த ஒழுங்கெல்லாம் எதுக்குன்னு கேட்டிருக்கீங்க. 18ம் நூற்றாண்டு இங்கிலாந்து போதகர் ஜான் வெஸ்லி கதையை பாருங்க. 1729 வாக்குல ஆக்ஸ்போர்டுல அவரும் தம்பி சார்லஸும் சில மாணவர்களும் சேர்ந்து புதன், வெள்ளி உபவாசம், ஜெயில்ல இருக்கவங்கள போய் பாக்குறதுன்னு அவ்ளோ கறாரா இருந்தாங்க, மத்தவங்க கிண்டலா வச்ச பேர்தான் மெத்தடிஸ்ட், அதாவது எல்லாத்தையும் முறைப்படி பண்றவங்க. ஆனாலும் நிம்மதி இல்ல, அமெரிக்காவுல இருக்க ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போயும் மனசு உடைஞ்சுதான் திரும்பினார். 1738 மே 24 சாயங்காலம் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு கூட்டத்துல, ரோமர் நிருபத்துக்கு சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதின முன்னுரையை யாரோ வாசிக்க, அப்பதான் இருதயம் அனல்கொண்டுச்சு.

அதுக்கப்புறம் ஒழுங்கை விட்டாரா? இல்லவே இல்ல, இதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. 1742ல இங்கிலாந்து பிரிஸ்டல் நகரத்துல அவரோட சபையாரு கூட்டம் நடத்துற கட்டடத்தோட கடனுக்கு வாரம் ஒரு பென்னி (சின்ன காசு) வசூல் பண்ண 12 பேருக்கு ஒருத்தர்னு பிரிச்சாங்க, வசூலுக்குப் போனவங்க ஆத்தும நிலைமையையும் விசாரிக்க ஆரம்பிச்சு அதுவே கிளாஸ் மீட்டிங்னு வாராந்திர சின்னக் குழுக் கூட்டம் ஆகிடுச்சு (கடன்லயும் ஒரு நன்மை!). முன்னாடி இரட்சிப்பை சம்பாதிக்கப் பண்ணினார், பின்னாடி கிடைச்சதை காப்பாத்தப் பண்ணினார், என் பார்வையில வித்தியாசம் அவ்ளோதான். நீங்களும் தனியா போராடாம சபையில நம்பிக்கையான ரெண்டு மூணு பேரோட வாரம் ஒருதடவை உட்காந்து மனசு விட்டுப் பேசிப் பாருங்க.