நீல உடலில் ஆரஞ்சு நிறக் கோடுகள்: இது எந்த மீன்?

நீல உடலில் ஆரஞ்சு நிறக் கோடுகள் அலையலையாய் நெளியும், விரல் நீளமே உள்ள மீன் எது, எங்கே வாழ்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது மாண்டரின் மீன். கோடுகளுக்குப் பதிலாக வட்டப் புள்ளிகள் இருந்தால் அதன் நெருங்கிய உறவினமான புள்ளி மாண்டரின் எனக் கொள்ளலாம். ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் முதல் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, மேற்குப் பசிபிக்கின் அலையடங்கிய காயல்களிலும் கரையோரப் பவளத்திட்டுகளிலும், பெரும்பாலும் 18 மீட்டருக்குட்பட்ட ஆழத்தில் இது வாழ்கிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அந்த நீலம்தான்: பெரும்பாலான மீன்களில் நீலம் ஒளிச்சிதறலால் தோன்ற, இதன் தோலிலோ உண்மையான நீல நிறமியே இருக்கிறது. செதில்கள் இல்லாததால் கசப்பான, கெட்டியான வழவழப்புப் படலமே இதற்குக் காப்பு. பகலில் பவளக் கிளைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் இணை, பொழுது சாய்ந்ததும் உடலோடு உடல் ஒட்டி மெல்ல மேலெழுந்து, முட்டையும் விந்தும் வெளிப்பட்ட கணத்தில் சட்டெனப் பிரிந்து பவளத்துக்குள் மறையும்.