கேள்வி – பதில்: மேதைகளா, மக்களா?

கேள்வி: மனித முன்னேற்றத்துக்குக் காரணம் தனிமனிதர்களா, சமூகமா? மேதைகள் இல்லாவிட்டால் சமூகம் எதைச் சாதித்திருக்கும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சமூகத்துக்கே பெரும்பங்கு என்பேன். பேதியில் இழந்த நீரை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் கிடைப்பதுதான்.

குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்து இழுக்கிறது. உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே போகிறது. 1960-ல் இதை விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன். காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதால், 1968-ல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற மருத்துவர்கள் நோயாளிகளுக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே, ரத்தக்குழாயில் ஏற்றும் சலைன் தேவையைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவில், வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவி சலைன் போதாமல் போனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்ப சோடா என்று கலந்து, உறவினர்களையே புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தத் துணிச்சல் தனிமனிதருடையதுதான், மறுக்கவில்லை.

ஆனால் முகாமுக்கு வெளியே, கிராமத்து வீடுகளில்? 1980-ல் வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம், வீட்டிலேயே கரைசல் செய்யக் கற்றுக்கொடுக்கப் பெண் ஊழியர்களை வீடுவீடாக அனுப்பியது. அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம். அரை சேர் அளக்க எல்லா வீட்டிலும் பாத்திரம் இல்லை. இருக்கும் பாத்திரத்திலேயே அளவைக் குறித்துக் கொடுத்தார்கள். பிறகு வேறு ஊழியர்கள் போய்த் தாய்மார்களிடம் கேட்பார்கள். எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். அப்படியும் செய்முறை தெரிந்த பல தாய்மார்கள் அதைப் பயன்படுத்தவில்லை. ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது. இரண்டையும் சரிசெய்தார்கள். பத்தாண்டில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. இந்த வேலையை எந்த மேதையும் தனியாளாகச் செய்திருக்க முடியாது.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். கிடைக்காதபோது வீட்டிலேயே தயாரிக்கலாமா?
– வாசகி, சிவகாசி

பதில்: அவசரத்துக்குத் தயாரிக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரை தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டுப் பேதி அதிகமாகும். கடைப் பொட்டலம் என்றால், அதில் குறிப்பிட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் ஒரேயடியாகக் கரையுங்கள். பலர் டம்ளருக்கு ஒரு கரண்டி என்று பிரித்துப் போடுகிறார்கள். அளவு கெடுவது அங்கேதான். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். ‘பேதி நிற்கவில்லையே’ என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். இழந்த நீரை ஈடுசெய்வதுதான் இதன் வேலை. கண் குழிவிழுந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.