தேக்கு வேலை: கேள்வி பதில்

கேள்வி: தேக்குச் சட்டங்களைப் பசை போட்டு ஒட்டி, இரண்டு நாள் கிளாம்பிலேயே வைத்திருந்தேன். தட்டினால் கழன்று வருகிறது. பசை மட்டமானதா?

பதில்: பசையைத் திட்டாதீர்கள். கழன்ற இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பசை தகடு போலப் படிந்திருக்கும், எதிர்ப்பக்கம் மரம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பசை மரத்துக்குள் இறங்கவே இல்லை என்று அர்த்தம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. இழைத்துப் போட்டுவைத்தால் அது மேலே வந்து படிந்துகொள்ளும். அதனால் ஒட்டப்போகும் நேரத்தில் லேசாக ஒரு முறை இழையுங்கள். அப்புறம் வெள்ளைத் துணியை அசிட்டோனில் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் பழுப்பு ஏறும். அது குறைகிறவரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, காய்ந்த கையோடு பசை போட்டுவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. மழையில் நிற்கப்போகும் சாமான் என்றால் இரண்டு பாகத்தைக் கலந்து போடும் எபாக்சிப் பசைதான் என் தேர்வு.

கேள்வி: அண்ணா, தேக்கு இழைக்கச் சுலபம் என்கிறார்கள். என் உளி அரை நாளில் மழுங்கிவிடுகிறதே?

பதில்: இரண்டுமே உண்மை. நன்றாக வெட்டுப்படும் மரம்தான், ஆனால் உள்ளே சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள், இருக்கிறது. சில மரங்களில் 1.4 சதவீதம் வரை. பொடி மணலை வெட்டுகிற கதைதான். மிஷினுக்குக் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த பிளேடு போடுங்கள். கை உளியை அடிக்கடி தீட்ட வேண்டியதுதான்.

கேள்வி: பலகை ஓரத்தில் வெளுப்பாக இருக்கிறது. சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: கரையானைத் தாங்குவது நடு வைரம், அதாவது மரத்தின் நடுவில் உள்ள கருத்த பகுதி மட்டும். வெளுப்பைக் கழித்துவிடுங்கள். வெளுப்பை மறைக்கச் சாயம் ஏற்றிய பலகையாக இருந்தால் முனையைச் சீவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: இழைத்த பலகையில் பச்சையும் கறுப்புமாகக் கோடுகள். பூஞ்சையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. புதிதாக இழைத்த தேக்கு அப்படித்தான் இருக்கும். சில நாள் வெளிச்சம் பட்டால் நிறம் ஒன்றாகிவிடும். அதற்குள் பாலிஷ் போட அவசரப்படாதீர்கள்.

கேள்வி: தோட்டத்து பெஞ்சு சாம்பல் நிறமாகிவிட்டது. வார்னிஷ் அடிக்கவா?

பதில்: வேண்டாம். வெயிலில் செதில் செதிலாக உரியும், பிறகு சுரண்டும் வேலையும் உங்களுக்குத்தான். சாம்பல் மேல்தோலில் மட்டும். உப்புத்தாள் போட்டால் பழைய நிறம் வந்துவிடும். எனக்கு அந்தச் சாம்பலே பிடிக்கும்.

கேள்வி: தூள் பட்டால் கையெல்லாம் அரிக்கிறது.

பதில்: தேக்குத் தூள் சிலருக்கு ஒவ்வாது. முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், தூளை ஊதாமல் உறிஞ்சி எடுங்கள். அப்படியும் தடிப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள், வேறு மரத்துக்கு மாறுங்கள்.